பெயரும் பொருளும்

பொருள் என்னுஞ் சொல் தமிழிலே கருத்தையுங் குறிக்கும், பண்டத்தையுங் குறிக்கும், செல்வத்தையுங் குறிக்கும். கணனி மொழிகளில் ஒரு பெயரோடு ஒரு பொருளைப் பிணிக்குமிடத்து, இம்மூன்றனுள் எது கருதப்படுகின்றது என்னும் வினா நெடுங்காலம் பெரிதாக எழவில்லை. ஓர் எண்ணை 'அ' என்னும் பெயருக்கு இட்டு, பின்னர் 'அ'வை 'ஆ'வுக்கு இடின், இரு பெயரும் அவ்வெண்ணையே தரும். எண் கருத்தளவில் உள்ளது. எத்தனை படியெடுப்பினும் எவருக்கும் இழப்பில்லை.

அப்பொருள் செல்வமாயின் நிலை வேறாகும். ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் எனப்படும் தன்னியக்க ஒப்பந்தங்கள், பல கணனிகள் ஒருங்கே காக்கும் பேரேட்டில் இயங்கி, இடைநிற்போர் இன்றியே பணத்தைக் கைமாற்றுவன. அங்கே நாணயத்தைப் படியெடுத்தல் கள்ளநாணயம் அடித்தலாகும். கைதவற விடுதல் அதனை அழித்தலாகும். 2016 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், எதீரியத்தில் இயங்கிய 'டாஓ' என்னும் ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் கவரப்பட்டது. பணம் முன்னர் வெளியேற, கணக்கிலுள்ள எண் பின்னரே குறைக்கப்பட்டது. அவ்விடைவெளியிற் பணம் மீண்டும் மீண்டுங் கோரப்பட்டது. செல்வமும் அதனைக் குறிக்கும் எண்ணும் வெவ்வேறாய் நின்றமையே ஆங்குக் கண்ட குறையாகும்.

பேஸ்புக் நிறுவனம் லிப்ரா திட்டத்திற்கென 2019 இல் வெளியிட்ட மூவ் மொழி, செல்வத்தையே மொழியின் மதிப்பாகக் கொண்டது. பிரெஞ்சு அறிஞர் ஜிரார் 1987 இல் வெளியிட்ட நேரியல் தருக்கம் இதற்கு வழிகாட்டியது. அத்தருக்கத்தில் ஓர் எடுகோள் ஒருமுறை பயன்பட்டதுந் தீர்ந்துவிடும். உண்ட சோறு மீளாதவாறு போல.

மூவ் மொழியில் 'லெட்' என்னுஞ் சொல்லாற் பெயரும் மதிப்பும் பிணிக்கப்படும். எண்கள் படியெடுத்தற்குரியன. நாணயம் போன்றவற்றுக்கோ அவ்வுரிமையும், விட்டொழிக்கும் உரிமையும் வழங்கப்படா. ஆகவே, 'அ' வைத்திருந்த நாணயத்தை 'ஆ'வுக்கு இட்டவுடன், நாணயம் 'ஆ'வைச் சேரும். 'அ' வெறும் பெயராய் நிற்கும். அதனை மீண்டும் எடுத்தாளின் மொழித்தொகுப்பி ஏற்காது. பெயரின் ஆட்சி முடியும்போது நாணயம் 'ஆ'விடம் எஞ்சிக் கிடப்பினும் ஏற்காது. கொடுத்தோ, சேமித்தோ, பிரித்தோ தீர்த்தல் வேண்டும். பார்வையிட மட்டும் வேண்டுவோர் இரவலாகப் பெறலாம், உடைமை மாறாது.

பிரித்தல் என்பது நாணயத்தை அழித்து, அதனுள்ளிருந்த தொகையை 'தொகை' போன்ற புதுப்பெயரோடு பிணித்தலாம். நாணயத்தை ஆக்கலும் பிரித்தலும் அதனை வகுத்த கூற்றுக்கே உரியன; பிறர் செய்தல் இயலாது. தொகுப்பியை ஏமாற்றி எழுதுவாரும் தப்பார். பேரேட்டில் ஏற்றுமுன் இவ்விதிகள் மறுபடியும் ஆராயப்படும்.

லிப்ரா திட்டம் 2022 இல் முடிவுற்றது. எனினும் அம்மொழி 2022 இல் தொடங்கிய அப்டொஸ், 2023 இல் தொடங்கிய சுயி ஆகிய பேரேடுகளில் வழங்கலாயிற்று. தவறான முகவரிக்குப் பணம் அனுப்புவானை இவ்விதி தடுக்காது. ஒரு பொருள் ஒரு காலத்தில் ஒரு பெயருக்கே உரியது என்பதை மாத்திரம் அது காக்கும். கருத்து இரு பெயரில் நிற்கலாம், செல்வம் நிற்றலாகாது.