மேனுவலைப் படித்தால் பணம் மிச்சம்!

புதிய கம்ப்யூட்டர் வீட்டிற்கு வந்தவுடன் நாம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். பெட்டியைப் பிரிப்போம், லேப்டாப்பை எடுப்போம், சார்ஜரைச் செருகுவோம். உடன் வந்த சிறிய புத்தகத்தை மட்டும் தெர்மாகோலுடன் சேர்த்துப் பரணில் போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது.

ஒரு நாள் மாலை லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தினேன். சார்ஜிங் விளக்கு எரிந்தது. ஆனால் திரை கருப்பாகவே இருந்தது. உள்ளே இருக்கும் பேன் கூடச் சுற்றவில்லை. சர்வீஸ் கடை ஒன்றிற்கு எடுத்துச் சென்றேன். "மதர்போர்டு போயிருக்கும் சார். மாற்றுவதற்கு 9,000 ரூபாய் ஆகும். பைல்கள் கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது" என்றார்கள். பணத்தைக் காட்டிலும் அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கலங்க வைத்தது. என் அப்பாவின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து அந்த லேப்டாப்பில்தான் வைத்திருந்தேன். ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது. வேறு காப்பி கிடையாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி லேப்டாப்பைத் திரும்ப எடுத்து வந்தேன். அன்று இரவு பரணில் ஏறி அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மொத்தமே நான்கு பக்கம். ஆனால் அதன் கடைசிப் பக்கத்தில், முழுமையான யூசர் மேனுவல் நிறுவனத்தின் இணைய தளத்தில் பி.டி.எப். பைலாகக் கிடைக்கும் என்று இருந்தது. அதனை மொபைல் போனில் டவுண்லோட் செய்து படித்தேன். அதிலும் அதன் பின்னர் படித்த மற்ற மேனுவல்களிலும் எனக்குக் கிடைத்த பயனுள்ள தகவல்களை இங்கு தருகிறேன்.

முதல் உதவி: "கம்ப்யூட்டர் இயங்கவில்லை என்றால்" என்ற பிரிவில் முதலில் இருந்தது இதுதான். சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர் என இணைத்துள்ள அனைத்தையும் நீக்குங்கள். பேட்டரி தனியே கழற்றக் கூடியதாக இருந்தால் அதனையும் எடுத்துவிடுங்கள். பின்னர் பவர் பட்டனை 15 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் 30 விநாடிகள் வரை தேவைப்படும். அதன் பின் சார்ஜரை மட்டும் இணைத்து, பவர் பட்டனை வழக்கம் போல அழுத்துங்கள். மதர்போர்டில் தங்கியுள்ள மின்சாரம் வெளியேறுவதால், பவரைக் கட்டுப்படுத்தும் சிப் மீண்டும் புதிதாக இயங்கத் தொடங்கும்.

நானும் செய்து பார்த்தேன். பேன் சுற்றும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் விண்டோஸ் திரை வந்துவிட்டது. என் லேப்டாப்பில் மதர்போர்டு கெடவே இல்லை! எல்லா லேப்டாப்பும் இதில் சரியாகிவிடும் என்று கூற முடியாது. ஆனால் செலவு செய்யும் முன் இதனைச் செய்து பார்க்கலாம். பேட்டரி உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ எதையும் முயற்சி செய்யாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு ரீசெட் குழப்பம்: மேலே சொன்னதற்கு ஹார்ட் ரீசெட் அல்லது பவர் ரீசெட் என்று பெயர். இதில் சேவ் செய்யப்பட்ட பைல்கள் அழியாது. ஆனால் பேக்டரி ரீசெட் என்பது முற்றிலும் வேறு. இது கம்ப்யூட்டரை வாங்கிய நாளில் இருந்த நிலைக்குக் கொண்டு சென்றுவிடும். உங்கள் பைல்கள் போய்விடும். "ரீசெட் செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால், எந்த ரீசெட் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

விளக்குகள் சொல்லும் சேதி: இயங்காத கம்ப்யூட்டரில் பவர் விளக்கோ, கேப்ஸ் லாக் விளக்கோ விட்டு விட்டு எரிந்தால் அது வீணாக எரிவதில்லை. எச்.பி., டெல் நிறுவனங்களின் பல மாடல்களில், எத்தனை முறை, எந்த நிறத்தில் எரிகிறது என்பதை வைத்து ராம் மெமரியில் கோளாறா, ப்ராசசரில் கோளாறா என்று அறியலாம். அதற்கான பட்டியலை நிறுவனமே தருகிறது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் பீப் ஒலிகளும் இதே வேலையைச் செய்யும். கடைக்குச் செல்லும் முன் இதனை மொபைலில் வீடியோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் யாரும் உங்களிடம் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது.

உள்ளேயே இருக்கும் சோதனை: விண்டோஸ் தொடங்கும் முன்பே ஹார்ட்வேரைச் சோதிக்கும் புரோகிராம் பல கம்ப்யூட்டர்களில் உண்டு. எச்.பி. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஸ்கேப் கீயைத் தொடர்ந்து தட்டி, வரும் மெனுவில் எப் 2 அழுத்த வேண்டும். டெல் என்றால் எப் 12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். மெமரி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைச் சோதித்து முடிவைச் சொல்லும். காசு எதுவும் இல்லை.

போர்ட் அருகே உள்ள குறிகள்: டைப் சி போர்ட் எல்லாம் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் சிலவற்றில் லேப்டாப்பை சார்ஜ் செய்யலாம். சிலவற்றில் மானிட்டரை இணைக்கலாம். சிலவற்றில் பைல் மாற்றுவது மட்டுமே முடியும். உங்கள் லேப்டாப்பில் எந்தப் போர்ட் எதற்கு என்பது மேனுவலில் படத்துடன் இருக்கும். இது தெரியாமல் நான் ஒரு கேபிளை, பழுது என்று கூறிக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கேபிள் மீது தவறில்லை. நான் செருகிய இடம்தான் தவறு.

வெப்பமும் பேட்டரியும்: பல லேப்டாப்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் இயங்குவதற்கென்றே தயாரிக்கப்படுகின்றன. நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்! எனவே மெத்தை மேல் வைத்து, அடிப்பக்கக் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. 80 சதவீதத்துடன் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் செட்டிங் பல மாடல்களில் உண்டு. பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

யு.பி.எஸ். மேனுவல்: இதனையும் தூக்கி எறியாதீர்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ். பேட்டரி சாக்கெட்டில் இணைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். டோனரை உருக்கிப் பதிக்க பிரிண்டர் சூடாகும்போது, திடீரென மிக அதிக மின்சாரத்தை இழுக்கும் என்பதே காரணம்.

இரண்டாவது மேனுவல்: யூசர் மேனுவல் தவிர, சர்வீஸ் மேனுவல் என்றும் ஒன்று உள்ளது. எச்.பி., டெல், லெனோவா நிறுவனங்கள் இதனைப் பல மாடல்களுக்கு இலவசமாகவே இணைய தளத்தில் தருகின்றன. எந்த ஸ்குரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பது வரை இதில் இருக்கும். நீங்களே கழற்ற வேண்டும் என்பதில்லை. தெரிந்து கொண்டால் போதும். என் லேப்டாப்பில் ஒரு ராம் ஸ்லாட் காலியாக இருப்பது இதனால்தான் தெரிந்தது. வேகம் போதவில்லை என்று புது லேப்டாப் வாங்க இருந்தவன், 8 ஜிபி ராம் மட்டும் வாங்கிப் போட்டுக் கொண்டேன். சில மாடல்களில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; மாற்ற முடியாது. அதையும் மேனுவலே சொல்லிவிடும்.

எப்படிப் பெறுவது?: லேப்டாப்பின் அடிப்பக்கம் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கும். எழுத்து அழிந்திருந்தால், ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்று தேடித் திறந்தால் சிஸ்டம் மாடல் என்ற வரியில் பெயரைப் பார்க்கலாம். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், சப்போர்ட் பிரிவில் இதனைக் கொடுத்துத் தேடுங்கள். மற்ற தளங்கள் வேண்டாம். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையா? பி.டி.எப். பைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீ அழுத்தி, தேவையான சொல்லைக் கொடுத்துத் தேடலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். மேனுவலை அந்த லேப்டாப்பில் மட்டும் வைத்தால், அது படுத்துவிடும் நாளில் மேனுவலும் படுத்துவிடும். மொபைலிலும் ஒரு காப்பி வையுங்கள்.

அன்று இரவு விண்டோஸ் திரை வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, அப்பாவின் போட்டோக்களை எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றில் காப்பி செய்ததுதான். பேக் அப் எடுங்கள் என்றும் அந்த மேனுவலில் ஒரு பிரிவு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதைப் படித்திருந்தால், சர்வீஸ் கடையில் நின்றபோது என் கை நடுங்கியிருக்காது.