ஏழு நாட்டு ஜெர்சிகள்

குன்றத்தூரிலிருந்து அதிகாலையில் ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்கள் கிளம்புகின்றன. ஏறுகிறவர்களில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஏராளம். ஓரிடத்தில் ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த கம்பெனியின் கேட்டில் போய் நிற்க வேண்டும். புது லைன், புது சூப்பர்வைசர், பக்கத்தில் வேறு மொழி பேசும் ஆள். ஆனாலும் முதல் நாளிலிருந்தே வேலை பிசகக் கூடாது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆட வரும் வெளிநாட்டுக் கால்பந்து வீரர்களில் பலருடைய பிழைப்பும் ஏறத்தாழ இதுதான்.

மெஸ்ஸியும் ரொனால்டோவும் இந்தத் தொழிலின் உச்சியில் இருக்கும் மிகச் சிலரில் இருவர். அவர்களுக்குக் கீழே, ஓரிரு பருவத்துக்கு ஒரு கிளப், சில ஆண்டுக்கு ஒரு நாடு என்று இடம் மாறிக்கொண்டே ஆடுகிற பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. பல நாட்டு லீக்குகள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

நைஜீரியாவைச் சேர்ந்த பார்த்தலோமியூ ஓக்பெச்சேயை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்பில் தொடங்கியவர். 2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்காக இறங்கியபோது வயது 17. அப்படிப்பட்டவர் ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்றில் நிலைத்திருப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு. பிரான்ஸுக்குப் பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஜசீரா, ஸ்பெயினின் அலவேஸ், வயடோலிட், கிரீஸின் கவாலா, இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ, நெதர்லாந்தின் கம்பூர், வில்லெம் II என்று பயணம் நீண்டது. 2018இல் இந்தியாவுக்கு வந்து நார்த் ஈஸ்ட் யுனைடெட், கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி, ஹைதராபாத் என நான்கு அணிகளுக்கு ஆடினார். மொத்தம் ஏழு நாடுகள். 2021-22 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் 18 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கியபோது அவருக்கு வயது 37. பெரிய பெயரோடு தொடங்கியவர், ஒவ்வோர் ஊரிலும் தன்னை மறுபடி நிரூபித்தே கடைசிவரை ஆடினார்.

கதவைத் திறந்த வழக்கு

இப்படி நாடு விட்டு நாடு போவது ஒரு காலத்தில் எளிதாக இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப்பால் பணம் கேட்டு வீரரைப் பிடித்துவைக்க முடிந்தது. பெல்ஜியத்தின் ஜீன் மார்க் போஸ்மானுக்கு 1990இல் அதுதான் நடந்தது. ஆர்.எஃப்.சி. லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்ததும் பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். பணம் வந்து சேருமா என்ற சந்தேகத்தில் லியேஜ் அவரை விடாததால் அந்த மாற்றம் நின்றுபோனது. அவர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள், பழைய கிளப்புக்கு யாரும் பணம் கட்டாமலே ஒன்றியத்தின் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகலாம், அவர்களை வெளிநாட்டவர் என்று எண்ணிக்கை வைத்துத் தடுக்கவும் கூடாது.

போஸ்மானின் சொந்த ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கிலேயே கரைந்தது. அவர் திறந்த கதவு வழியாகத்தான் இன்றைய ஊர்சுற்றி ஆட்டக்காரர்கள் போய்வருகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தவரை வாங்க மாற்றுக் கட்டணம் வேண்டாம் என்பதால், சிறிய கிளப்புகளாலும் நல்ல அனுபவசாலியைச் சம்பளத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்ள முடிகிறது.

கோச்சோடு போகும் ஆட்டக்காரர்

வேலை கிடைப்பது எப்படி? ஏஜென்டுகள் அனுப்பும் வீடியோத் தொகுப்புகள், வைஸ்கவுட் போன்ற காணொளித் தளங்கள் எல்லாம் ஒரு வழி. கூட வேலை பார்த்த பயிற்சியாளரின் நம்பிக்கை அவற்றைவிட வலுவான வழி. சென்னை ரசிகர்களுக்கு இதை லிதுவேனியாவின் நேரியஸ் வால்ஸ்கிஸ் நேரில் காட்டிவிட்டுப் போனார்.

இஸ்ரேலில் ஆடிவிட்டு 2019இல் அவர் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். பருவத்தின் தொடக்கம் அணிக்கு மோசமாக இருந்தது. டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோயில் பயிற்சியாளர் ஆனார். அதன் பிறகு, தட்டுத்தடுமாறிய அதே அணி இறுதிப்போட்டி வரை போனது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாகப் பார்வையாளர் யாருமில்லாத கோவா ஃபத்தோர்டா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் சென்னை 1-3 என்று தோற்றது. அந்த ஒரு கோல் வால்ஸ்கிஸுடையது. அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 15. தங்கக் காலணி அவருக்கே. அடுத்த பருவத்தில் கோயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் மீண்டும் சென்னைக்கு வந்தார். 2023இல் கோயிலும் சென்னைக்குத் திரும்பினார். போர்ச்சுகலிலும் போலந்திலும் ஆடி, முன்பு சென்னையில் வால்ஸ்கிஸோடு சேர்ந்து கலக்கிய பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ அப்போது மறுபடி சென்னை ஜெர்சி போட்டார்.

ஓர் அணியில் எத்தனை வெளிநாட்டவருக்கு வேலை என்பதை அந்தந்த லீக்கின் விதி தீர்மானிக்கிறது. 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் இருக்கும் 11 பேரில் ஐந்து இந்தியர்கள் இருந்தால் போதும். 2017-18இல் அது ஆறு ஆனது. 2021-22இல் ஏழு ஆகி, வெளிநாட்டவருக்குக் களத்தில் நான்கு இடம்தான் மிஞ்சியது. ஒவ்வோர் அணியும் சேர்க்கும் வெளிநாட்டவரில் ஓர் ஆசிய வீரரும் இருக்க வேண்டும் என்ற விதியும் அப்போது இருந்தது. கிர்கிஸ்தானின் மிர்லான் முர்சாயேவ் சென்னை அணியில் ஆடியது அந்தப் பருவத்தில்தான். விதிப்புத்தகத்தில் ஓர் எண் மாறினால், தொலைதூர நாட்டில் ஒருவருக்கு வேலை கிடைக்கிறது, இன்னொருவருக்குப் போகிறது.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஒரு வீரர் நாடு மாறும்போது மைதானத்துக்கு வெளியே நடப்பதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. இதயத்துக்கு ஈ.சி.ஜி., எக்கோ; முழங்கால், கணுக்கால், தொடைத் தசைகளுக்கு ஸ்கேன். இதைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஏனென்றால், மருத்துவத்தில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. கையெழுத்துப் போட்ட பிறகு முழங்காலைக் காட்டிக் கிளப் பின்வாங்க முடியாது. ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. குறைந்தபட்சம் அந்தப் பருவத்தின் முடிவு வரை.

அடுத்தது சர்வதேச மாற்றுச் சான்றிதழ். பழைய நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு புதிய நாட்டுக் கூட்டமைப்புக்கு இதை அனுப்பாமல் பொதுவாக வீரர் ஒரு போட்டியிலும் இறங்க முடியாது. முன்பு ஃபேக்ஸிலும் தபாலிலும் நடந்த இந்த வேலை, 2010 அக்டோபரிலிருந்து ஃபிஃபாவின் கணினி அமைப்பில்தான் நடக்கிறது. விற்கும் கிளப்பும் வாங்கும் கிளப்பும் தனித்தனியாகத் தகவலை உள்ளிடும். தொகை, தவணை, தேதி எல்லாம் இரு பக்கமும் ஒத்துப்போனால்தான் கோப்பு நகரும்.

ஒரு பருவத்தில் ஒருவர் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம். பொதுவாக இரண்டுக்கு மட்டுமே ஆடலாம். இந்தத் தொழிலின் பெரிய வியாதி சம்பள பாக்கி. அதற்கும் விதி இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டால், வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் காத்திருந்து, அப்போதும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கலாம். தீர்ப்பான தொகையைக் கொடுக்காத கிளப்புக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழும்.

முதல் வாரம்

மைதானத்தில் இப்படி இடம் மாறும் வீரரின் திறமை எதில் இருக்கிறது? புதிதாக வந்த சென்டர் பேக் ஒருவரை ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் கவனித்தால் தெரியும். பந்து எங்கோ இருக்கும்போது அவர் கை நீட்டி லெஃப்ட் பேக்கை உள்ளே இழுப்பார், கோல் கீப்பரைத் திரும்பிப் பார்ப்பார், மிட்ஃபீல்டரின் முதுகுப் பக்கம் வரும் எதிராளியைப் பற்றிக் கத்திச் சொல்வார். ‘மேன் ஆன்’, ‘டைம்’, ‘டர்ன்’ என்று ஒற்றைச் சொல் இங்கிலீஷில் வேலை நடக்கும். தன் கீப்பர் கோட்டை விட்டு வெளியே வருகிறவரா, பக்கத்து டிஃபெண்டருக்கு எந்தக் கால் பலம், அவர் எந்தப் பக்கம் திரும்பச் சிரமப்படுகிறார் என்பதையெல்லாம் ஒரு சில பயிற்சிகளிலேயே பிடித்துவிட வேண்டும். பத்து ஆண்டு ஒரே அணியில் ஆடுகிறவருக்கு இந்தப் பாடம் ஒரு முறைதான். இவருக்கு ஒவ்வொரு பருவமும் புதுப் பாடம். கூடவே சென்னையின் புழுக்கம். வெயில் கடுமையான நாட்களில் ஆட்டத்தின் நடுவே தண்ணீருக்கென்று நிறுத்தம் விடும் அளவுக்கு உடல் வற்றிப்போகும்.

இந்தியாவுக்குள்ளேயே இப்படி இடம் மாறி ஆடுகிற தமிழர்களும் உண்டு. கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, ஒடிசா என்று ஆடியவர். 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் பிழைக்கிறவருக்கு ஒரு பருவம் போவது சிறிய இழப்பு அல்ல.

விதிப்புத்தகமே எட்டாத ஒரு தளமும் இருக்கிறது. கேரளாவின் மலப்புறம் பக்கத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட், நைஜீரியா நாட்டு இளைஞர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடுகிறார்கள். 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ மலையாளப் படம் அவர்களில் ஒருவரைப் பற்றியதுதான். பாரம்பரிய செவன்ஸுக்குக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடையாது. அதனால் மாற்றுச் சான்றிதழும் இல்லை, சம்பள பாக்கிக்கு முறையிட ஃபிஃபா தீர்ப்பாயமும் இல்லை. கால் முறிந்தால், அமர்த்தியவரின் நல்ல மனசை நம்பித்தான் இருக்க வேண்டும்.

போனவர்கள், போக முடியாதவர்கள்

உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு 2017இல் தன் 26ஆவது கிளப்பில் சேர்ந்து கின்னஸில் இடம்பிடித்தார். ஜெர்மன் கோல் கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல் ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடியவர்.

தமிழர்களில் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் வரை போனார். மலேசிய லீக்கிலும் பெயர் வாங்கினார். பின்னாளில் சிங்கப்பூர் தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். இந்தியாவிலிருந்து பாய்ச்சுங் பூட்டியா 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப்பிலும், பிறகு மலேசியாவிலும் ஆடினார். சுனில் சேத்ரிக்கு 2009இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் வாய்ப்பு வந்தது. தரவரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் இந்தியா இல்லாததால் பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. ஒருவருடைய காலுக்கு அவருடைய நாட்டின் தரவரிசை குறுக்கே நின்றது.

2025இல் சிக்கல் உள்நாட்டிலேயே வந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான வணிக உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த நிலையில், ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. வெளிநாட்டு வீரர்களில் பலர் வேறு நாடுகளுக்குக் கிளம்பினார்கள். அப்படிக் கிளம்ப வழியில்லாத உள்ளூர் வீரர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

குன்றத்தூர் பக்கத்து மைதானங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் கோச்சுகளும் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று ஃபிஃபாவின் மாற்று விதிகளில் இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்திலேயே பணத்துக்கு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு மாற்றம் நடந்தால் ஐந்து லட்சம். அதில் 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 25,000 ரூபாய் வீதமும், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதமும் அந்தந்த ஆண்டில் வளர்த்த கிளப்புக்குச் சேரும். எந்த ஆண்டில் எந்தக் கிளப் என்பதற்கு, வீரரின் பதிவு வரலாறான பிளேயர் பாஸ்போர்ட்தான் ஆதாரம். அதனால், கிளப் முதலில் மாநிலச் சங்கத்தின் வழியாக அங்கீகாரம் பெற வேண்டும். பிறகு 12 வயதிலேயே அந்தப் பையன் அல்லது பெண்ணின் பெயரைக் கூட்டமைப்பின் பதிவு அமைப்பில் ஏற்றி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.