தாதியர் கடக்கும் பாலம்



மருத்துவமனையில் நோயாளியின் அருகே அதிக நேரம் இருப்பவர் தாதியே. ஆயினும், நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்து எழுதிக் கொடுப்பதும் மருத்துவரின் பொறுப்பாகவே இருந்து வந்தன. அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியைத் தாதி ஒருவர் ஏற்க முடியுமா? தக்க கல்வி இருந்தால் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் சான்றாக உள்ளது.

1965ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில், லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இதற்கான பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவ வசதி குறைந்த இடங்களில் வாழும் குழந்தைகளின் நலனே அன்றைய நோக்கம். நாளடைவில், பச்சிளங் குழந்தை முதல் முதியவர் வரை வீட்டிலுள்ள அனைவரையும் கவனிக்கும் குடும்பநலத் தாதி வல்லுநர் என்ற பிரிவும் வளர்ந்தது.

அமெரிக்காவில் பதிவு பெற்ற தாதியாவதற்குப் பல வழிகள் உண்டு. சிலர் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடிக்கின்றனர். வேறு சிலர் சமூகக் கல்லூரியில் சுமார் இரண்டாண்டுகள் படித்துப் பணியில் சேர்கின்றனர். இரு சாராரும் எழுதும் உரிமத் தேர்வு ஒன்றே. ஆனால் தாதி வல்லுநராவதற்கு முதுகலைப் படிப்பு தேவை. இரண்டாண்டு படித்து, பல்லாண்டு பணி செய்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆராய்ச்சி முறை, புள்ளியியல், சமுதாய சுகாதாரம் போன்ற விடுபட்ட இளங்கலைப் பாடங்களை முடித்துக்கொண்டு அவர் முதுகலைக்குச் செல்லலாம். இதனையே பாலக்கல்வி என்கிறோம்.

இந்தப் பாலம் எந்த இடைவெளியைக் கடக்க உதவுகிறது? ஒரு குழந்தை காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாதி வெப்பநிலையை அளப்பார். மூச்சின் வேகத்தைக் கணக்கிடுவார். மாற்றம் கண்டால் மருத்துவரிடம் தெரிவிப்பார். தாதி வல்லுநரோ அதற்கு மேலும் செல்ல வேண்டும். இது சாதாரணச் சளியா, நுரையீரல் அழற்சியா? கிருமிக்கொல்லி மருந்து தேவையா? தேவையெனில் குழந்தையின் எடைக்கு எவ்வளவு? வீட்டுக்கு அனுப்பலாமா, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா? இவற்றுக்கு விடை கூறி, அதன் விளைவுக்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும். பல்லாண்டு அனுபவம் இதற்குத் துணை செய்யும். ஆனால் அது மட்டும் போதாது.

ஆகவேதான் உயர்நிலை நோய் உடலியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் இக்கல்வியின் தூண்களாக உள்ளன. இவற்றோடு, அனுபவமிக்க ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளை நேரடியாகப் பார்த்துப் பழக வேண்டும். முன்பு குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்த இப்பயிற்சியை, 2022இல் வெளியான தேசிய நெறிமுறைகள் 750 மணி நேரமாக உயர்த்தின. அதன் பின்னர் சான்றிதழ்த் தேர்விலும் தேற வேண்டும்.

இப்பாதையில் இடர்களும் உண்டு. பாடங்களை இணையவழி படிக்கலாம்; நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும் பயிற்சியை அவ்வாறு பெற இயலாது. மேற்பார்வையாளரை மாணவரே தேடிக்கொள்ளும்படி விட்டுவிடும் கல்லூரிகளும் உள்ளன. மேலும், சில மாநிலங்களில் தாதி வல்லுநர் தனித்துப் பணியாற்றலாம். வேறு சிலவற்றில் மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும். ஆகவே சேருமுன் கல்லூரியின் அங்கீகாரத்தையும், பணியாற்றப்போகும் மாநிலத்தின் சட்டத்தையும் கேட்டறிவது நலம்.

சிங்கப்பூரிலும் தேசியப் பல்கலைக்கழகம் 2003ஆம் ஆண்டில் உயர்நிலைத் தாதியருக்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடலாம். ஆனால் பாலத்தைக் கடப்பவரின் அறிவை நம்பி மறுகரையில் ஒரு நோயாளி காத்திருக்கிறார் என்பது எங்கும் மாறாது. அதனால், இக்கல்வியின் காலத்தைச் சுருக்கலாம், தரத்தைச் சுருக்கலாகாது.