சுவர்ப்பாசி தரும் எச்சரிக்கை

மழைக்காலம் வந்துவிட்டால் நம் கிராமங்களில் பசுமை கொள்வன வயல்கள் மட்டுமல்ல. கிணற்றின் கைப்பிடிச்சுவர், பள்ளிக்கூடத்தின் அடிச்சுவர், ஏரி மதகின் கருங்கல், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூண் ஆகிய யாவற்றின் மீதும் பட்டுத்துணி விரித்தாற்போல் ஒரு பச்சைப் படலம் தோன்றுகிறது. பொங்கலுக்கு முன் அதனைச் சுரண்டி வெள்ளையடிப்பதும், அடுத்த ஐப்பசியில் அது மீண்டும் அதே இடத்தில் முளைப்பதும் பல ஊராட்சிகளில் வழக்கமாகிவிட்டன. இவ்வாறு பணம் செலவிடுவதற்கு முன், அப்பாசி யாது, அது ஏன் அந்த இடத்தைத் தேடி வளர்கிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளுதல் நலம்.

பாசி என்ற ஒரே பெயர்

நம் வழக்கில் பாசி என்ற சொல் பலவற்றைக் குறிக்கிறது. குளத்து நீரில் மிதப்பதும், படித்துறையில் வழவழவென்று படிந்து காலை வழுக்கிவிடுவதும் நீர்ப்பாசி வகையினவாகும். நெல் வயலுக்கு உயிர் உரமாக இடப்படும் நீலப்பச்சைப் பாசி வேறொன்று. சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் கல்பாசி, பூஞ்சணமும் நுண்பாசியும் ஒன்றாய்க் கூடி வாழும் மற்றோர் உயிர். சுவரில் மெத்தை போலப் படர்வதோ இவை எதுவுமன்று. அது தண்டும் இலையும் உடைய ஒரு சிறு தாவரம். தாவர நூலார் இவ்வினத்தை மாஸ் என்பர். உலகில் ஏறத்தாழ 12,000 வகை மாஸ்கள் உள்ளன.

நம் சமவெளியில் செங்கல், காரை, கருங்கல் ஆகியவற்றின் மீது மிகுதியாகக் காணப்படுவது ஹையோபிலா இன்வலூட்டா என்னும் வகை. ஒரு செடியின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவே. ஆயினும் ஆயிரக்கணக்கான செடிகள் நெருங்கி நிற்பதால் மெத்தை போலத் தோன்றுகிறது. இதற்கு உண்மையான வேர் இல்லை. சுவரைப் பற்றிக்கொள்ள நுண்ணிழைகளே உண்டு. நெல்லும் கரும்பும் போல மண்ணின் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்ச இதனால் இயலாது. தன்மேல் படும் நீரை இலைகளாலேயே ஏற்றுக்கொள்கிறது. இது ஸ்போர் எனப்படும் நுண்துகள்களாலும், இலையடியில் தோன்றும் சிறு மொட்டுகளாலும் பரவுகிறது. ஆண் அணு பெண் அணுவைச் சேர வேண்டுமாயினும் நீர்ப்படலத்தில் நீந்தியே செல்ல வேண்டும். எனவே, நீர் இல்லாத சுவரில் இப்பாசி தழைப்பதில்லை.

சித்திரை மாதச் சோதனை

இச்செடிக்கு ஒரு சிறப்பான குணம் உண்டு. ஈரம் வற்றியதும் இதன் இலைகள் உட்புறமாகச் சுருண்டு, பழுப்பு நிறமாகிவிடும். பார்ப்பவர் பட்டுப்போயிற்று என்றே எண்ணுவர். ஆனால் சிறிது நீர் தெளித்தால் சற்று நேரத்தில் இலைகள் விரிந்து பசுமை திரும்பும். பள்ளிச் சிறுவர்களும் இதனைச் செய்து காணலாம்.

இக்குணமே நமக்குப் பயன்படுகிறது. சித்திரை வெயிலில், மழையின்றிப் பத்து நாட்கள் கழிந்த பின்னர், ஊரிலுள்ள பொதுக் கட்டடங்களைச் சுற்றிப் பாருங்கள். பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் பாசி மழைநீரால் வளர்ந்தது. அதனால் கேடு சிறிதே. அக்கோடையிலும் பச்சையாக இருக்கும் பாசிக்கு யாரோ நாள்தோறும் நீர் வார்க்கின்றனர் என்று பொருள். அது குளியலறைக் கழிவுநீரா, குழாய்க் கசிவா, தொட்டியின் விரிசலா என்று கண்டறிய வேண்டும். மூடுபனி சூழும் மலைக் கிராமங்களுக்கு மட்டும் இச்சோதனை பொருந்தாது.

பாசி காணும் இடமும் காரணமும்

சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரம் வரை பட்டையாகப் பாசி இருப்பின், நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறுகிறது எனக் கொள்ளலாம். சுவரோரம் நீர் தேங்காதவாறு வாய்க்கால் அமைப்பதே முதல் மருந்து. கைப்பிடிச்சுவரிலிருந்து கோடாகப் பாசி இறங்கினால், மாடியின் மழைநீர்க் குழாய் சருகால் அடைபட்டிருக்கும்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடித்தளத்திலோ தூணிலோ கோடையில் பச்சை தெரிந்தால் தாமதம் கூடாது. மணிக்கு 5 லிட்டர் கசிந்தால் நாளொன்றுக்கு 120 லிட்டர் வீணாகிறது. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்துள்ளது. ஆகவே, இரண்டு பேருக்கு உரிய நீரைப் பாசி குடிக்கிறது. அதனினும் பெரிய கேடு, கான்கிரீட்டின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிப்பதாகும். துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. பள்ளியின் கூரைத்தளத்தில் காரை பெயர்ந்து விழுவதும் இதனாலேயே. கீழே அமர்ந்திருப்போர் நம் குழந்தைகள்.

ஏரிக் கரையின் வெளிச்சரிவில் ஓரிடம் மட்டும் எப்போதும் பசுமையாகவும் சொதசொதப்பாகவும் இருந்தால், கரையினூடே நீர் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். 40 எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத் துறையைச் சார்ந்தவை; சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. உரிய அலுவலகத்திற்குச் செய்தி அனுப்புவது விவசாயிகளின் கடமை.

நீக்கும் முறை

முதலில் நீரின் வழியை அடைக்க வேண்டும்; அதன் பின்னரே பாசியை நீக்க வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீண். காய்ந்த பாசியை மரத்தகட்டாலும் தேங்காய் நாராலும் தேய்த்தால் எளிதில் உதிரும். விரிசலைச் செப்பனிட்டுச் சுவரை நன்கு உலரவிட்டு, பின் சுண்ணாம்பு அடிக்கலாம். அமிலம் ஊற்றுவது தவறு. அது சுண்ணாம்பையும் சிமென்டையும் கரைத்துவிடும். கம்பி வெளியே தெரியும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் படலாகாது. அது துருவை விரைவுபடுத்தும். குடிநீர்க் கிணற்றில் மயில்துத்தம் போன்ற மருந்துகளைத் தம் விருப்பப்படி இடுதல் கூடாது. பாசி மெத்தையில் தூசி சேர்ந்து மண்ணாகி, பறவைகள் இட்ட அரசு, ஆல் விதைகள் அங்கு முளைக்கக்கூடும். பாசி சுவரைப் பிளப்பதில்லை. அம்மரங்களின் வேர் பிளக்கும். ஆகையால் அக்கன்றுகளை இரண்டு இலைப் பருவத்திலேயே களைந்துவிட வேண்டும்.

பழங்கோயில், மண்டபம் முதலியவற்றின் கற்சுவரில் கம்பித் தூரிகை கொண்டு தேய்க்கலாகாது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால்தான், குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, ஏரி வாரியம் அமைத்து நடந்த ஊராட்சியை இன்று அறிகிறோம். எழுத்துள்ள கல் எந்த ஊரிலும் இருக்கலாம். பாசி மறைத்த எழுத்தை மீண்டும் படிக்கலாம். தேய்த்து அழித்த எழுத்தைப் படிக்க இயலாது. இத்தகைய இடங்களில் தொல்லியல் துறையினரின் ஆலோசனை பெறுவதே முறை.

நாம் செய்ய வேண்டுவது

ஒவ்வொரு ஊராட்சியிலும் உறுப்பினர்கள் தத்தம் வார்டுகளைச் சித்திரையில் ஒருமுறை நடந்து பார்த்து, கோடையிலும் பசுமை மாறாத இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில் அப்பட்டியலை வைத்து, எதனை முதலில் செப்பனிடுவது என்று முடிவு செய்யலாம். இதற்குக் கருவி வேண்டா; தனிச்செலவும் இல்லை. கொத்தனாரை அழைக்கும்போது, "பாசியைச் சுரண்டுங்கள்" என்று கூறுவதற்கு மாறாக, "நீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்போமாயின், ஆண்டுதோறும் சுண்ணாம்புக்குச் செலவிடும் பணம் ஒரே முறையில் நிலையான பயன் தரும். மழைக்கு முன்னரே செப்பனிட்டு, நம் ஊர்ப் பொதுச் சொத்துக்களை அடுத்த தலைமுறைக்கு உறுதியாக ஒப்படைப்போமாக.