உஷார்! செக்ரோலில் உங்கள் பேரை வெட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

அம்மாமாரே, அக்காமாரே, ஒரு நிமிஷம் நில்லுங்கள். தோட்டத்து ஒபிசுக்குக் கூப்பிட்டு, ஒரு தாளை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து வைங்க" என்றால் வைக்காதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் நம்பும் ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை வைக்காதீர்கள். கைநாட்டும் கையெழுத்துத்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலை போனால் அரசாங்கம் மாதாமாதம் காசு தரும் என்று நம்பிக்கொண்டு சிலர் இருக்கிறார்கள். லண்டனில், கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் சொன்னார் என்கிறார்கள். அங்கே உண்டு. இலங்கையில் வேலையிழந்தவருக்கென்று அப்படி ஒரு மாதாந்தக் கொடுப்பனவு கிடையாது.

வேலை போனால் உங்கள் கையில் மிஞ்சப்போவது நீங்கள் உழைத்துச் சேர்த்த காசு மட்டும்தான். அதையும் இழந்துவிடாதீர்கள்!

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்த ஓர் அம்மா. பெயர் வேண்டாம், இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். பதினெட்டு வயதில் பிறந்த தோட்டத்தில் பேர் பதிந்தார். கல்யாணம் முடிந்து புருஷன் தோட்டத்துக்கு வந்தார், அங்கேயும் பேர் பதிந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூடை சுமந்தவர். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போனது. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். சுகயீனத் துண்டு எழுதி வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கங்காணிக்குத்தான் தெரியுமே என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சில மாதம் கழித்து ஒபிசிலிருந்து ஆள் வந்தது. சிங்களத்தில் டைப் அடித்த ஒரு தாள். "காசு எடுக்கத்தாம்மா, வைங்க." வைத்தார். சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன், தோட்டத்திடம் எனக்கு ஒரு பாக்கியும் இல்லை என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாளைக் காட்டிக் காட்டியே பணிக்கொடையை இழுத்தடித்தார்கள்.

டவுனில் ஒருவர், "ஈ.பி.எஃப் நான் எடுத்துத் தாறேன்" என்று வந்தார். செலவுக்கென்று முன்பணம், அடையாள அட்டைப் பிரதி, பழைய சம்பளத் துண்டுகள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். ஆள் திரும்பி வரவில்லை. கடைசியில் மகள் கூட்டிக்கொண்டு லேபர் ஒபிசுக்குப் போனபோதுதான் பெரிய இடி. கணக்கில் இருந்தது புருஷன் தோட்டத்து வருஷங்கள் மட்டும். பிறந்த தோட்டத்துப் பணம் வேறொரு அங்கத்துவ இலக்கத்தில், அப்பாவின் முதலெழுத்தோடு, கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பேரில் கிடக்கிறது. அடையாள அட்டையில் இருப்பது புருஷனின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அந்த அம்மா இன்னும் அலைகிறார்.

அவருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். ஏனென்றால் மலையகத்துப் பெண்களில் பலருக்கு இரண்டு பேர் இருக்கிறது. வீட்டில் கூப்பிடுகிற பேர் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் ஏறிவிடும். பிறப்புச் சான்றிதழில் வேறு. ராமாயி ஓர் இடத்தில் ராமாய், இன்னோர் இடத்தில் இராமாயி. பேரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது இன்னும் ஒரு கோணல் சேர்ந்துகொள்ளும். 1992இல் தோட்டங்கள் அரசிடமிருந்து கம்பெனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. அதற்கு முன் பேர் பதிந்தவர்கள் அந்தக் காலத்து இலக்கம் எது, இந்தக் காலத்து இலக்கம் எது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். ஓய்வு பெறும் வயதில் பேர் திருத்தப் போகாதீர்கள். நாற்பது வயதில் போங்கள். அப்போது அந்தப் பழைய கிளாக்கராவது உயிரோடு இருப்பார்.

இனி எது உங்கள் காசு என்று கேளுங்கள்.

முதலாவது ஊழியர் சேமலாப நிதி, நாம் சொல்கிற ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், தோட்டம் தன் பங்கு 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது ஆனதும் எடுக்கலாம். வேலை போய்விட்டது என்பதற்காக மட்டும் அதற்கு முன் எடுக்க முடியாது. நிரந்தரமாக உடல் இயலாமல் போவது, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவது, ஓய்வூதியமுள்ள அரச வேலை கிடைப்பது, பெண்கள் கல்யாணத்துக்காக வேலையை விடுவது என்று சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் முன்கூட்டி எடுக்கவும் வழி இருக்கிறது. அதற்குப் பத்து வருஷம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் மூன்று இலட்சமாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது ஈ.டி.எஃப், ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதைத்தான் நம் ஆட்கள் மறந்தே போகிறார்கள்! இந்த இரண்டு நிதியில், வேலை நின்றால் வயது பார்க்காமல் எடுக்கக்கூடியது இதுதான். ஒருமுறை எடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், அடுத்த முறைக்கு ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். இது சம்பளத்தில் 3 வீதம், முழுவதும் தோட்டம் கட்டவேண்டிய காசு. உங்கள் சம்பளத் துண்டில் ஈ.டி.எஃப் என்று ஒரு ரூபாய் வெட்டியிருந்தாலும் அது தப்பு. உடனே கேளுங்கள்.

மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருஷம் வேலை செய்திருந்தால் போதும், நீங்களாக விலகினாலும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு 18,900. முப்பது வருஷத்துக்கு 5,67,000 ரூபாய். "இவ்வளவுதாம்மா வரும்" என்று ஒபிசில் ஒரு தொகையைச் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பெருக்கிப் பாருங்கள். வேலை முடிந்து 30 நாளுக்குள் இதைக் கட்ட வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். இது தொரை பார்த்துத் தருகிற தருமம் இல்லை, சட்டம்.

இப்போது ஆபத்து எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள்.

"பேர் வேணாம், கிலோவுக்குக் கைக்காசு தாறோம்." காதுக்கு இனிப்பாக இருக்கும். அன்றைக்கே கையில் காசு. ஆனால் அந்த நாள் செக்ரோலில் இருக்காது, ஈ.பி.எஃப் இருக்காது. இப்படி வருஷக்கணக்கில் போனால் நீங்கள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்ததற்கே சாட்சி இருக்காது. சில கம்பெனிகள் தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் முறைக்கு ஆட்களை மாற்றுகின்றன. அதில் லாபம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். என் பேர் செக்ரோலில் இருக்குமா? இதுவரை உழைத்த வருஷத்துப் பணிக்கொடை என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்! கொழும்பில் மகள் பிள்ளை பெற்றாள், பார்க்கப் போனோம், மூன்று மாதம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் பேர் வெட்டியாகிவிட்டது. தானாக விட்டுப் போனார் என்று எழுதியிருப்பார்கள். சுகயீனம் என்றால் துண்டு. பயணம் என்றால் லீவுக் கடிதம். பிரதி ஒன்று வீட்டில்.

"வயசாயிருச்சு, போயிரும்மா." இதுவும் உஷார். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. அப்போதே ஐம்பது தாண்டியிருந்த சிலருக்கு ஒன்று முதல் மூன்று வருஷம் வரை குறையும், அவ்வளவுதான். ஐம்பதில் ஈ.பி.எஃப் எடுக்கலாம் என்பதற்காக ஐம்பதில் வேலையை விட்டே தீரவேண்டும் என்று யாரும் உங்களை விரட்ட முடியாது.

தரகர். இவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஈ.பி.எஃப் விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. அங்கத்தவர் நிரப்புவது கே படிவம், இறந்தவரின் உரித்தாளர் நிரப்புவது எல் படிவம். இரண்டும் லேபர் ஒபிசில் கிடைக்கும். நுவரெலியாவில் இருக்கிறது, ஹட்டனிலும் இருக்கிறது. உங்கள் அடையாள அட்டை, உங்கள் பேரிலேயே உள்ள வங்கிப் புத்தகம், அங்கத்துவ இலக்கம் இவற்றோடு நீங்களே போங்கள். "வயசு பத்தாட்டி மெடிக்கல் போட்டு எடுத்துருவோம், வெளிநாடு போறதா கடிதம் வாங்கிருவோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். பொய்ப் பத்திரம் கொடுத்தால் மாட்டுவது அவர் இல்லை. கையெழுத்து உங்களுடையது!

சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப் வெட்டுகிறார்கள், ஆனால் கட்டுகிறார்களா? அரசாங்கத் தோட்டங்களிலேயே, ஜனவசமவிலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திலும், ஆட்களிடம் வெட்டிய காசு நிதிக்குப் போய்ச் சேராமல் கோடிக்கணக்கில் பாக்கி நின்றது. துண்டைச் சுருட்டி எறியாதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரிக்கு மேலே, மழை ஒழுகாத பக்கமாக வையுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலை சரிந்தபோது எத்தனை வீட்டில் கடதாசி எல்லாம் மண்ணோடு போனது என்று நினைத்துப் பாருங்கள்.

அஸ்வெசும பற்றியும் கேட்கிறீர்கள். 2023 ஜூலையில் தொடங்கிய இந்த உதவி வேலை போனதற்காகத் தருவது இல்லை, குடும்பத்தின் வறுமையைப் பார்த்துத் தருவது. 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்று கூட்டினார்கள். விண்ணப்பம் பிரதேச செயலகத்தில், கிராம உத்தியோகத்தரைப் பிடியுங்கள். நம் லயத்தில் வருகிற சிக்கல் ஒன்று. ஒரே காம்பராவில் மாமியார் அடுப்பு ஒன்று, மகன் அடுப்பு ஒன்று. கணக்கெடுக்க வருகிறவர் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு நாள் குறித்திருப்பார்கள், தவறவிடாதீர்கள்.

காசு வந்த பிறகுதான் இன்னொரு கூட்டம் வரும். மகனுக்கு ஆட்டோ, மருமகனுக்கு வெளிநாட்டு ஏஜென்சி, வட்டிக்காரரின் பழைய கணக்கு. இலட்சக்கணக்கில் வந்த சேமலாப நிதி ஒரே மாதத்தில் கரைந்து, அந்தத் தாயே திரும்பவும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். பாதியையாவது நிலையான வைப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

உங்களை நியாயமில்லாமல் நிறுத்திவிட்டார்களா? நாள் ஓடுகிறது! பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதாக இருந்தால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இது. ஒபிசில் ஏன் அந்தத் தாளோடு உங்கள் பின்னால் திரிகிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா? முறைப்பாடு செய்ய ஆறு மாதம்தான் அவகாசம். சங்கத்துத் தலைவர் பார்த்துக்கொள்வார், மாதர் தலைவி பேசியிருக்கிறார் என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தையும் தொலைத்தவர்கள் உண்டு. தலைவரிடம் சொல்லுங்கள், சந்தா கட்டுகிறீர்கள், அவர் பேசட்டும். ஆனால் அதே கிழமை நீங்களும் பஸ் ஏறி லேபர் ஒபிசுக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் அந்தக் கதவைத் தாண்ட வேண்டும்.