மோட்டார் வண்டிக் கண்ணாடியின் மெருகும் அயற்பாகங்களின் காப்பும்

வீட்டு யன்னலின் கண்ணாடி மங்கினால் வீட்டின் அழகு சிறிது குறையும். மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி மங்கினாலோ உயிருக்கே ஊறு நேரக்கூடும். பகலிற் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கீறல்கள், இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் அவ்வொளியைப் பல திசைகளிலுஞ் சிதறச் செய்கின்றன. சாரதியின் முன்னே ஓர் ஒளித்திரை விரிகின்றது. அத்திரைக்கு அப்பால் வீதியைக் கடக்கும் பாதசாரியை அவன் காண்பதற்குள் காலங் கடந்துவிடுகின்றது. எனவே, கண்ணாடிக்கு மெருகிடுதலை வெறும் அலங்காரமெனக் கருதலாகாது. அதனைப் பொறிகொண்டு செய்யுமிடத்துக் கண்ணாடி தெளிவு பெறுதலும் வேண்டும். அதனைச் சூழ்ந்துள்ள பாகங்கள் பழுதுறாமலும் இருத்தல் வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் இருவகைப்படும். ஒன்று, கண்ணாடியின்மேற் படிந்த படிவு. மற்றையது, கண்ணாடியிலே விழுந்த கீறல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. அதிற் கல்சியம் மிகுதி. அந்நீரால் வண்டியைக் கழுவி வெயிலில் உலரவிட்டால் வெண்புள்ளிகள் எஞ்சுகின்றன. இவற்றுக்குப் பொறி வேண்டுவதில்லை; வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் இட்டுத் துடைத்து, நல்ல நீராற் கழுவினாற் பெரும்பாலும் நீங்கிவிடும். கீறலோ அவ்வாறு நீங்காது. முன்கண்ணாடியில் தூசி உலர்ந்து கிடக்கும்போது துடைப்பானை இயக்குதலே அதற்குப் பெருங் காரணமாகும். மோசின் கடினத்தன்மை அளவையிற் கண்ணாடி ஏறக்குறைய 5.5 முதல் 6 வரையில் நிற்க, மணலிலுள்ள குவாட்சு 7 என்னும் படியில் நிற்கின்றது. வன்மையானது மென்மையானதைக் கீறுதல் இயல்பே.

கீறலின் ஆழத்தை அறிய விரல்நகம் போதும். நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்தால் அது தடையின்றி வழுக்கிச் செல்லுமாயின் மெருகிடலாம். நகம் சிக்குமாயின் அக்கீறலை விட்டுவிடுதலே அறிவுடைமை. ஏனெனில், மெருகிடுதலென்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றிலுமுள்ள கண்ணாடியைத் தேய்த்துக் குறைப்பதாகும். ஓரிடத்தை மட்டும் ஆழமாகத் தேய்த்தால் அங்கே குழிவு உண்டாகி, அதனூடாகத் தோன்றும் வீதி நெளிந்து காட்சியளிக்கும். மங்கலைக் காட்டிலும் இந்நெளிவு பொல்லாதது. முன்கண்ணாடி இரு மெல்லிய கண்ணாடித் தகடுகளை ஒளிபுகும் பிளாஸ்டிக் படலமொன்றால் இணைத்துச் செய்யப்பட்டது. வெளித்தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றரே. ஆழ்ந்த கீறலுக்குப் புதிய கண்ணாடி இடுதலே தக்க வழி. இக்கால வண்டிகள் சிலவற்றில் முன்கண்ணாடியின் மேற்பகுதிக்குப் பின்னே, வீதியை நோக்கும் கமரா அமைந்திருக்கும். அதற்கு எதிரேயுள்ள பகுதியையுந் தொடலாகாது.

மெருகிடும் பொருள் சீரியம் ஒட்சைட்டு எனப்படும். சீரியம் 1803ஆம் ஆண்டிற் சுவீடனிலும் சேர்மனியிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட சீரிசு என்னும் சிறுகோளின் பெயரே அதற்கு இடப்பட்டது. சீரிசு உரோமரின் தானியத் தெய்வமாவாள். புல்மோட்டைக் கடற்கரைக் கனிய மணலிற் சிறிதளவாகக் காணப்படும் மொனசைட்டும் சீரியத்தைக் கொண்டதே. முன்னாளிற் கண்ணாடிக்கு மெருகிட்டோர் இரும்பின் செவ்வொட்சைட்டைப் பெரிதும் பயன்படுத்தினர். பின்னர் அதனினும் விரைந்து தொழிற்படும் சீரியம் ஒட்சைட்டு அதன் இடத்தைப் பெற்றது. நீர் கண்ணாடியின் மேற்பரப்பைச் சிறிது இளக்க, சீரியம் ஒட்சைட்டு அவ்விளகிய படையைப் பற்றி அகற்றுகின்றது. நீரின்றி இத்தொழில் நிகழாது.

மெருகிடுமுன் கண்ணாடியை நன்கு கழுவி மணற்றுகள் யாவற்றையும் நீக்குதல் வேண்டும். தூளை நீரிற் கரைத்துப் பாலாடையின் பதத்திற் குழம்பாக்கி, அழுத்தக் கம்பளியாலான மெத்தை பூட்டிய சுழற்பொறியாற் தேய்ப்பர். பொறியின் வேகம் குறைவாக இருத்தல் நன்று. ஓரிடத்தில் நில்லாது மெத்தையை நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும். உராய்வால் ஓரிடம் மட்டும் சூடேறினாற் கண்ணாடி வெடிக்கவுங் கூடும். இடையிடையே நீர் தெளித்துக் குழம்பை ஈரமாக வைப்பதும், கையாற் தொட்டுச் சூட்டைப் பார்ப்பதும் இன்றியமையாதன.

இனி, தெறிப்பைக் கவனிப்போம். சுழலும் மெத்தையின் விளிம்பிலிருந்து குழம்பு நாற்புறமும் வீசப்படுகின்றது. அது உலர்ந்தால் வர்ணப்பூச்சின்மேற் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் அதனைத் துடைப்பவன் தன் கையாலேயே வர்ணத்திற் கீறலிடுகின்றான். வர்ணமிடாத கரிய பிளாஸ்டிக்கின் நுண்டுளைகளிலும் றப்பர் விளிம்புகளிலும் புகுந்தாற் கறை எளிதில் நீங்காது. முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத் துவாரங்களிற் புகுந்தால் வண்டியின் உள்ளேயுந் தூள் பரவும்.

ஆதலால் முதலில் மூடுதல், பின்னர் மெருகிடுதல் என்பதே முறை. அயற்பாகங்களைக் கழுவி உலர்த்தியபின், றப்பர் விளிம்புகளின்மேல் வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் ஒட்டுநாடாவை ஒட்டுக. துடைப்பான் கைகளைக் கழற்றுக; கழற்ற இயலாவிடிற் சுற்றிக் கட்டுக. காற்றுத் துவாரங்களை அடைத்து, பொனற்றையும் கூரையையும் பக்கங்களையும் பிளாஸ்டிக் தாளால் மூடுக. கூரைக்கு ஓடு வேய்வதுபோல மேற்றாள் கீழ்த்தாளின்மேற் படிந்திருந்தால், வழியும் நீர் உள்ளே புகாது. வண்டியை நிழலில் நிறுத்துக. வெயிலிற் குழம்பும் விரைந்து உலரும், நாடாவின் பசையும் இளகி ஒட்டிக்கொள்ளும்.

மூடியபின்னும் தெறிப்பைக் குறைக்க வழியுண்டு. குழம்பை மெத்தையில் அள்ளி வையாமற் கண்ணாடியிலே சிறிது பூசுக. மெத்தை கண்ணாடியின்மேற் தட்டையாகப் படிந்தபின்பே பொறியை இயக்குக. சுழற்சி முற்றாக நின்றபின்பே எடுக்குக. தொழில் செய்வோர் கண்ணுக்குக் காப்பும் மூக்குக்கு மறைப்பும் அணிதல் வேண்டும். நீரும் மின்சாரமும் அருகருகே இருத்தலால், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிச்சுள்ள இணைப்பையே பயன்படுத்துதல் வேண்டும்.

தொழில் முடிந்ததும், தாள்களை அகற்றுமுன் அவற்றின்மேற் படிந்ததை ஈரமாக இருக்கையிலேயே நீரூற்றிக் கழுவுக. தப்பித் தெறித்த துளிகளையும் நீராலேயே நெகிழ்த்துக, உரசலாகாது. பின்னர் பழைய துடைப்பான் றப்பரை நீக்கிப் புதியதைப் பூட்டுக. பழையதிற் பதிந்த மணல் மீண்டுங் கீறும். இறுதியாக, இருட்டில் எதிரே ஒரு விளக்கை ஏற்றிச் சாரதியின் ஆசனத்திலிருந்து நோக்குக. ஒளி சிதறாமலும் காட்சி நெளியாமலும் இருப்பின் தொழில் செவ்விதின் முடிந்ததென்று கொள்ளலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. மூடுவதற்குச் செலவாகும் ஒரு மணி நேரத்தை வீணெனக் கருதுபவர், உலர்ந்த பொருக்கை அகற்ற ஒரு நாளைச் செலவிட நேரும். கீறுண்ட வர்ணத்துக்குப் பணமுஞ் செலவிட நேரும்.