.32 பிஸ்டல் ஏன் சிக்குகிறது? விளிம்பில் இருக்கும் வில்லங்கம்

நம்ம ஊரில் ஒரு சாதாரண ஆளுக்கு உரிமத்தோடு கிடைக்கக்கூடிய சின்ன செமி ஆட்டோமேடிக் பிஸ்டல் என்றால், அது பெரும்பாலும் .32தான். இதற்குக் காரணம் எஞ்சினியரிங் இல்லை, சட்டம். 1959 ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் 9 மி.மீ.யைத் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. சாதாரண உரிமத்தில் அதை வாங்க முடியாது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்யும் 'அஷானி' பிஸ்டலும் .32தான்.

சரி, இந்த .32 எப்போது வந்தது? 1899. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் செய்தது. (1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்து பிரௌனிங் பிஸ்டல்தான்.) நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தோட்டாவில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதன் அடிவிளிம்பு 9.1 மி.மீ., உறையின் அடிப்பாகம் 8.6 மி.மீ. அதாவது விளிம்பு ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா சேம்பருக்குள் சரியான ஆழத்தில் நிற்பதற்காக வைத்தது அது. வில்லங்கமும் அங்கேதான்.

ரெண்டு ஆணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துப் பாருங்கள். மேல் ஆணியின் கொண்டை, கீழ் ஆணியின் கொண்டைக்கு முன்னால் இருந்தால் கூர்ப்பக்கமாகத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் இருந்தால்? மாட்டிக்கும். மேகசினுக்குள் நடப்பதும் இதேதான். இதை 'ரிம்லாக்' என்பார்கள்.

வழக்கமான முழு உலோக உறைக் குண்டு போட்ட தோட்டா மேகசினின் நீளத்தைக் கிட்டத்தட்ட அடைத்துக்கொள்ளும், அதனால் நகர இடமில்லை. ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் பல சமயம் நீளம் குறைவு. சுடும் அதிர்ச்சியில் முன்னும் பின்னும் நகரும், விளிம்புகள் இடம் மாறிவிடும். சில கம்பெனிகள் மேகசினின் பின்பக்கம் ஒரு சின்னத் தகடு வைத்து அந்த இடைவெளியை அடைப்பது இதனால்தான்.

எல்லாச் சிக்கலும் ரிம்லாக் இல்லை. எதைப் பார்த்தால் எது?

- தோட்டாவின் மூக்கு சரிவில் முட்டி நிற்கிறது: மேகசின் உதடு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், சரிவில் அழுக்கு இருக்கலாம்.
- தோட்டா உள்ளே போய்விட்டது, ஸ்லைடு மட்டும் முழுசா மூடவில்லை: சேம்பரில் அழுக்கு, அல்லது கெட்டியாகிப்போன எண்ணெய். தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் புழுக்கத்தில் இது சகஜம். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாரக்கணக்கில் கிடந்த துப்பாக்கி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.
- காலி உறை வாசலில் சிக்குகிறது: இது ஏற்றும் கோளாறே இல்லை, வெளியேற்றும் கோளாறு. சின்னப் பிஸ்டலில் பிடி தளர்ந்தாலே வரும்.
- தோட்டா மேகசினுக்குள்ளேயே நிற்கிறது, ஸ்லைடு அதைத் தள்ள முடியாமல் திணறுகிறது: ரிம்லாக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியில் சொன்னதுதான் ஆபத்தானது. மேகசினின் அடியில் தட்டி ஸ்லைடை இழுப்பது என்ற வழக்கமான வைத்தியம் இதற்குப் பலிக்காது. மேகசினை வெளியே எடுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும். பதற்றத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. பாதுகாப்புக்கு என்று வாங்கியவர், எந்தத் தோட்டா தன் மேகசினில் ஒழுங்காக ஓடுகிறது என்பதை ரேஞ்சிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

சோதிக்கும் முறை மென்பொருளில் பிழை தேடுவது மாதிரிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசின்களுக்கு எண் போடுங்கள். அதே தோட்டா, வேறு மேகசின். பிறகு அதே மேகசின், வேறு தோட்டா. கோளாறு ஒரே மேகசினைத் தொடர்ந்தால் துப்பாக்கியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

சிக்கை எடுக்கும்போது குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். 'டிக்' என்று மட்டும் கேட்டால் அப்படியே பிடித்தபடி அரை நிமிஷம் காத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். .32 ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. பெட்டியைப் படித்து வாங்குங்கள். அரத்தை எடுத்து நீங்களே சரிவைத் தேய்க்காதீர்கள். சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும்.

1908-ல் வந்த .380 தோட்டாவில் பிரௌனிங்கே விளிம்பை உறையின் அளவுக்குக் குறைத்துவிட்டார். அவர் ஒன்பது வருஷத்தில் கடந்துபோன வடிவத்தோடு நம்ம ஊர் உரிமதாரர் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.